இரண்டாம் மேசையின் பச்சை விளக்கு

இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருத்தர் சிரித்தார். இன்னொருத்தர் தனக்குத் தெரிந்த நல்ல டாக்டர் என்று ஒரு போன் நம்பரைக் கொடுத்தார். மூன்றாவது ஆள் என் மனைவி. போனில் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, சாப்டீங்களா?" என்றாள். அதற்கப்புறம் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

எனக்குக் கற்பனை வராது. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னாலே அரைப் பக்கத்தோடு நின்றுவிடுவேன். என் வேலை, நடந்ததை நொடி பிசகாமல் குறித்துவைப்பது. அதனால் இதில் வருகிற நேரங்களில் ஒரு நொடிகூட என் கைச்சரக்கு இல்லை. நடந்தது இதுதான். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

வருடக்கணக்காக எனக்கு இரவு வேலைதான். ஒன்றரை வருடமாக ஒரு லாரி கம்பெனியின் கண்காணிப்பு அறையில் பார்க்கிறேன். கீழே டயர் கிடங்கு, மூன்றாவது மாடியில் நாங்கள். 'நாங்கள்' என்று பழக்கத்தில் சொல்கிறேன், இரவில் நான் ஒருத்தன்தான். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு லாரிகள். ஒவ்வொன்றிலும் டிரைவரின் முகத்துக்கு நேராக ஒரு சின்ன கேமரா இருக்கும். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை இமைக்கிறான், எவ்வளவு நேரம் கண் மூடியிருக்கிறது, எத்தனை கொட்டாவி, தலை எப்போது சாய்கிறது, எல்லாவற்றையும் அது எண்ணும். வண்டியிலிருந்து ஸ்டீயரிங் கணக்கு தனியாக வரும். விழித்திருப்பவனின் கை சும்மா இருக்காது, ஸ்டீயரிங்கை மயிரிழை இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே இருக்கும். தூக்கம் வந்தவனின் கை நாலைந்து நொடி அப்படியே கிடக்கும், பிறகு வெடுக்கென்று ஒரு திருப்பு திருப்பும். திரையில் அது நேர்கோட்டுக்கு நடுவே முள் முளைத்த மாதிரி தெரியும்.

கண் மூடினால் எனக்கு எச்சரிக்கை வரும். பத்து நொடி வீடியோவைப் பார்த்துவிட்டு மூன்று பட்டனில் ஒன்றை அமுக்க வேண்டும். தூக்கம். கவனக்குறைவு. பொய். தூக்கம் என்றால் உடனே வண்டிக்குள் இருக்கிற போனுக்குக் கூப்பிட்டு, பேசிப்பேசியே அவனை ஓரங்கட்ட வைக்க வேண்டும். அந்த போன் தானாகவே எடுத்துக்கொள்ளும். அது எங்கள் அறையோடு மட்டும்தான் பேசும், வெளியாள் யாரும் அதில் கூப்பிட முடியாது. இதை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பு இரவுக்கு இரண்டு ஆள் இருந்தார்களாம். இப்போது இரண்டாம் மேசை பிளாஸ்டிக் உறை போர்த்திக்கொண்டு கிடக்கிறது. எனக்கும் வீட்டில் ஆள் இல்லை. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு போய் நாலு வருடமாகிறது. சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. பகல் முழுக்கத் தூங்குகிற மனுஷனோடு என்ன குடித்தனம் நடத்துவது என்று ஒரு நாள் கேட்டாள். இப்போது பேச்சுத்துணைக்கு லாரிக்காரர்கள்தான். அவர்களும் தூக்கம் வந்தால்தான் எனக்குக் கிடைப்பார்கள். ஊரெல்லாம் விழித்திருக்க வேண்டும் என்று காவல் காக்கிற வேலைதான், ஆனால் யாருக்காவது கண் சொருகட்டும், இரண்டு வார்த்தை பேசலாம் என்று ஏங்கிய இரவுகளும் உண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நாற்பத்தொன்றாம் வண்டி டிரைவருக்கு 'தூங்குமூஞ்சி' என்று பெயர். பாவம், தூங்குகிற ஆளே இல்லை. பிறவியிலேயே வலது இமை பாதி இறங்கியிருக்கும். கேமராவுக்கு அது புரியாது, தூங்குகிறான், தூங்குகிறான் என்று ஒரு ராத்திரிக்கு ஆறேழு தடவை கத்தும். நாங்கள் 'பொய்' போட்டுவிடுவோம். பகல் ஷிஃப்ட்டிலும் அப்படித்தான். எனக்கு அது கைப்பழக்கம் ஆகிவிட்டது. 41 என்ற எண்ணைப் பார்த்தால் வீடியோ முடிவதற்குள் விரல் போய்விடும்.

அன்று வியாழக்கிழமை. மழை இல்லை. ஒன்றரைக்கு ஒரு டீ போட்டுக் குடித்தேன். அறையில் ஏ.சி. சத்தம் மட்டும்தான்.

2:46:04-க்கு 41-லிருந்து எச்சரிக்கை வந்தது. 2:46:08-க்கு 'பொய்' போட்டேன்.

2:51-க்கு மறுபடியும் கத்தியது. அலுப்போடு விரலைக் கொண்டுபோனவன், ஏதோ தோன்றி ஸ்டீயரிங் கோட்டைத் திறந்து பார்த்தேன்.

நேர்கோடு... முள். நேர்கோடு... முள்.

இமை பிறவியிலேயே இறங்கியிருக்கலாம். கை அப்படி இருக்காதே. அவன் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தான். முப்பது டன் இரும்புக் கம்பியோடு, அறுபது கிலோமீட்டர் வேகத்தில். வீட்டில் அவனுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. நான் ஐந்து நிமிடம் முன்பு 'பொய்' என்று போட்டுவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

2:51:30. கூப்பிட்டேன்.

லைன் பிஸி.

மறுபடி கூப்பிட்டேன். பிஸி. மூன்றாவது தடவை. நாலாவது தடவை. பிஸி. அந்த போனோடு எங்கள் அறையைத் தவிர யாரும் பேச முடியாது. அறையில் நான் மட்டும் இருக்கிறேன்... பிறகு எப்படி?

கேமராவை நேரலையில் திறந்தேன். கறுப்பு வெள்ளைப் படம். தூங்குமூஞ்சியின் தலை ஒரு பக்கம் சரிந்து, சட்டென்று நிமிர்ந்தது. உதடு அசைந்தது. நின்றது. யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரி மறுபடி அசைந்தது.

அவன் பேசிக்கொண்டிருந்தான்.

நான் மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டாம் மேசையில், பிளாஸ்டிக் உறைக்கு அடியில், பச்சையாக ஒரு விளக்கு எரிந்தது. அது போன் விளக்கு. லைனில் ஆள் இருந்தால்தான் எரியும்.

2:58. எழுந்து போனேன். பத்தடிதான் தூரம். உறையை விலக்கினேன். ஹெட்போன் கொக்கியில் தொங்கியது. அதிலிருந்து கொசு பாடுவது மாதிரி மெல்லிய சத்தம். எடுத்துக் காதில் வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றி வைத்த மாதிரி...

"சத்தமா சொல்லுங்க. கேக்கல." ஒரு பெண் குரல்.

"நூத்தி எழுபத்தெட்டு." இது தூங்குமூஞ்சி.

"கல்லைப் பாத்து சொல்றீங்களா, மனசுல எண்ணிச் சொல்றீங்களா?"

"பாத்துதான் டீச்சர்."

"கொழந்தைக்குப் பேர் வெச்சாச்சா?"

"எங்க டீச்சர்... மாமனார் ஒண்ணு சொல்றாரு, எங்கம்மா ஒண்ணு சொல்றாங்க. நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்."

"முழிங்க. நல்லா முழிங்க. அடுத்த கல்லு?"

எப்படியோ கேட்டேன்.

"யாரு... யாரு பேசறது?"

அவள் மூச்சு மட்டும் கேட்டது. நீளமான, ஒரே சீரான மூச்சு. பேசுகிறவர்கள் அப்படி மூச்சுவிட மாட்டார்கள். தூங்குகிறவர்கள்தான்...

பிறகு அதே குரல், என்னிடம்:

"நீங்க பொய்னு போட்டுட்டீங்க."

ஹெட்போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வெச்சுடுங்க. நான் பாத்துக்கறேன்."

வைத்துவிட்டேன்.

என் நாற்காலிக்கு வந்து திரையைப் பிடித்துக்கொண்டேன். போலீஸைக் கூப்பிடலாமா, அதற்குள் என்ன ஆகும், ஒன்றும் ஓடவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவன் உதட்டையே பார்த்தேன்.

3:04. கொட்டாவி.

3:12. தலை சாய்ந்தது. ஒரு நொடி... இரண்டு... மூன்று...

நிமிர்ந்தது. உதடு அசைந்தது.

3:19. இண்டிகேட்டர்.

3:21. வண்டி ஓய்விடத்தில் நின்றது. 3:21:40-க்குப் பச்சை விளக்கு அணைந்தது.

கூப்பிட்டேன். இந்தத் தடவை லைன் கிடைத்தது. "அண்ணே, டீச்சர் போதும்னாங்க. கொஞ்சம் படுத்துக்கவா?" என்றான். படுத்துக்கோ என்றேன். வேறு எதுவும் கேட்கத் தைரியம் வரவில்லை. உயிரோடு பேசுகிறானே, அது போதும் என்று இருந்தது. விடியும்வரை சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

காலையில் சூப்பர்வைசர் வந்ததும் சொன்னேன். அவர் பதிவேட்டைத் திறந்தார். இரண்டாம் மேசையிலிருந்து 41-க்கு ஓர் அழைப்பு இருந்தது. தொடக்கம் 2:46:09. நான் 'பொய்' போட்ட மறு நொடி. குரல் பதிவைப் போட்டோம். எப்போதும் இரண்டு பக்கமும் பதிவாகும். இதில் தூங்குமூஞ்சியின் குரல் மட்டும்தான். நடுநடுவே வெறும் இடைவெளி. நான் கேட்ட கேள்விகூட அதில் இல்லை.

"லைன் கோளாறு" என்றார் சூப்பர்வைசர்.

"அந்த ஹெட்போனை நான் காதுல வெச்சேன் சார்."

அவர் இரண்டாம் மேசைக்கு அடியில் குனியச் சொன்னார். குனிந்து பார்த்தேன். அந்த போனின் ஒயரைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தது. எதிலும் செருகவில்லை.

"டீச்சர் யாரு சார்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். இரண்டு வருடம் முன்பு அந்த மேசையில் ஒரு பெண் இருந்தாள். தூக்கம் வந்தவனைக் கிலோமீட்டர் கல்லைப் படிக்கச் சொல்லி எண்ண வைப்பாள். அதனால் டிரைவர்கள் வைத்த பெயர் டீச்சர். அறுபத்து மூன்றாம் வண்டியில் கண்ணாடி போட்ட ஓர் அண்ணன் இருந்தார். கண்ணாடியில் வெளிச்சம் அடித்தால் கேமரா தூக்கம் என்று கத்தும். அவருக்கும் எல்லோரும் 'பொய்' போட்டுத்தான் பழக்கம். ஒரு நாள் அவளும் போட்டாள். மூன்று நொடியில். அது பொய் இல்லை. இருநூற்றுப் பதினேழாவது கல்லுக்குப் பக்கத்தில் வண்டி தடுப்பை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் போய்விட்டது, அண்ணனும் போய்விட்டார். மறுநாள் அவள் வேலையை விட்டுவிட்டாள்.

"அவங்க இப்ப... இல்லையா சார்?"

"எவன் சொன்னான்? நல்லா இருக்காங்க. புருஷன் தையல் கடை வெச்சிருக்காரு. என் பேண்ட்டுகூட அங்கதான் தைக்கக் குடுப்பேன்."

அதில்தான் எனக்கு அதிகமாகக் குளிரெடுத்தது. செத்தவள் என்றால் பேய் என்று முடிவுகட்டிவிட்டு ஓடியிருப்பேன். உயிரோடு இருக்கிறவளை என்ன சொல்வது?

அன்றிலிருந்து அந்த விளக்கு கண்ணில் படாமல் இருக்க ஓர் அட்டையை மறைத்து நிறுத்திவிட்டுத்தான் வேலை பார்த்தேன். வேலையை விட்டிருக்கலாமே என்பீர்கள். விட்டுவிட்டு எங்கே போவது? தூங்குமூஞ்சியின் குரல் பதிவை விதிமுறையை மீறி என் போனில் ஏற்றிக்கொண்டேன். பகலில் தூக்கம் வராமல் திரும்பத் திரும்பக் கேட்டேன். எந்த இடைவெளி எத்தனை நொடி என்பது மனப்பாடமே ஆகிவிட்டது.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தையல் கடைக்குப் போனேன். கடை கீழே, வீடு மேலே. கடைக்காரர் ஒல்லியாக இருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். எங்கள் தொழிலில் அதைப் பார்த்ததும் தெரிந்துவிடும், மனுஷன் மாதக்கணக்கில் தூங்கவில்லை. நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"அவளுக்குத் தெரியாதுங்க. தயவு செஞ்சு சொல்லிடாதீங்க."

"எது தெரியாது?"

"தூக்கத்துல பேசறது. ரெண்டு வருஷமா. மொதல்ல நானும் ஏதோ உளறல்னுதான் நெனச்சேன். டாக்டர் ரெக்கார்டு பண்ணிட்டு வரச் சொன்னாரு. அப்பதான் உக்காந்து கேட்டேன்." கத்தரிக்கோலை எடுத்துத் திறந்து மூடினார். "அவ தூங்கிடுவா. பேசிக்கிட்டே இருப்பா. நான்தான் முழிச்சுக் கெடப்பேன். யார்கிட்ட பேசறான்னு தெரியாது. பாதிப் பேச்சை மட்டும் கேட்டுக்கிட்டு, தனியா..."

நான் அந்த வியாழக்கிழமைத் தேதியைச் சொன்னேன். அவர் தன் போனில் தேடி எடுத்தார். மேசையில் தைக்காத சட்டைத் துணிக்கு மேலே இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவர் பதிவு மூன்று நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. என்னுடையதை அந்த இடத்துக்கு நகர்த்திக்கொண்டு, ஒன்றாக அமுக்கினோம்.

அவர் போனிலிருந்து, "சத்தமா சொல்லுங்க. கேக்கல."

என் போனிலிருந்து, "நூத்தி எழுபத்தெட்டு."

"கொழந்தைக்குப் பேர் வெச்சாச்சா?"

"எங்க டீச்சர்..."

ஒரு இடைவெளிகூட மிச்சமில்லை. எல்லாம் அடைபட்டுவிட்டது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரண்டு போனும் சேர்ந்து மௌனமாக இருந்தன. அங்கேதான் நான் பேசியிருந்தேன். பிறகு அந்த நீளமான மூச்சு. பிறகு, "நீங்க பொய்னு போட்டுட்டீங்க."

தையல்காரர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் இல்லை. ஒரு கைக்குழந்தைக்காரனை நான் கைவிட்டேன், யாரென்றே தெரியாத ஒருத்தி தூக்கத்தில் எழுந்து வந்து பிடித்துக்கொண்டாள். இரண்டு பெரிய ஆம்பிளைகள் துணிக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினோம்.

மாடிப்படியில் காலடிச் சத்தம். அவர் சட்டென்று போன்களை மூடினார். வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். சாதாரணமான பெண். தொண்டை கட்டியிருந்தது.

"யாருங்க?"

"சட்டை தைக்க வந்தவரு" என்றார் கணவர்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்மா" என்றேன்.

போகத் திரும்பியவள் நின்றாள். "உங்க குரலை எங்கயோ கேட்டிருக்கேனே..." என்றாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் மேலே போய்விட்டாள்.

கடைக்காரர் ஷட்டர்வரை என்னோடு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சில ராத்திரி யாரும் பதில் சொல்ல மாட்டாங்க போல. 'அண்ணே, அண்ணே'ன்னு கூப்பிடுவா. நூத்தி எண்பதுலேருந்து அவளே ஒவ்வொண்ணா எண்ணுவா. இருநூத்திப் பதினேழு வரைக்கும். அதுக்கு மேல வராது. அழுதுடுவா."

"தினமுமா?"

"வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை. நேத்தும் 'அண்ணே'ன்னு ஆரம்பிச்சா. ரெண்டு பத்து இருக்கும்." அவர் ஷட்டரைப் பிடித்துக்கொண்டார். "நேத்து அழல."

"ஏன்?"

"தெரியலங்க. இடையிடையே நிறுத்தி நிறுத்திக் கேட்டா. கடைசில சிரிச்சா. அப்புறம் பேச்சே இல்ல. கல்யாணம் ஆன புதுசுல தூங்குவாளே, அந்த மாதிரி தூங்கினா."

அன்று இரவு வேலைக்கு வந்ததும் முதல் காரியமாகப் பதிவேட்டைத் திறந்தேன். முந்தின இரவும் நான்தான் அங்கே இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. விளக்கையும் பார்க்கவில்லை. அட்டை மறைத்திருந்தது.

இருந்தது.

இரண்டாம் மேசை. வண்டி எண் 63. தொடக்கம் 2:10:22. நாற்பத்து மூன்று நிமிடம்.

பதிவைப் போட்டேன். இன்ஜின் சத்தம். வெகுநேரம் இன்ஜின் சத்தம் மட்டும். நகர்த்தி நகர்த்திக் கேட்டேன்.

முப்பத்தெட்டாவது நிமிடம். ஓர் ஆண் குரல். களைத்த குரல்.

"இருநூத்திப் பதினெட்டு."

இடைவெளி.

"ஆமா டீச்சர். தாண்டியாச்சு."

நீண்ட இடைவெளி. இன்ஜின் அணைகிற சத்தம்.

"நீங்க தூங்குங்க."

விடிந்ததும் சூப்பர்வைசரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். 63-ஆம் வண்டி இப்போது எங்கே?

"வண்டியா? அப்பவே இரும்புக் கடைக்குப் போயாச்சே."

"அதுல இருந்த போன் சார்?"

"விசாரணைக்குக் கழட்டினது, நம்மகிட்டதான் கெடக்கு" என்று சொல்லி, அறையிலிருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் உடைந்த போன். ஒயர் பாதியில் அறுந்து தொங்கியது. அதற்குக் கரண்ட் கிடையாது, பேட்டரி கிடையாது.

அந்த அலமாரி நான் உட்காரும் நாற்காலிக்கு நேர் பின்னால், நாலடி தூரத்தில் இருக்கிறது.